ஒரு பதிவு நீக்கப்பட்டது

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருந்த டேட்டா பிரிவின் தலைவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே "சார்". முதுகுக்குப் பின்னால் "கத்திரி". வேண்டாததை வெட்டி எறிவதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. நேற்றைய காகிதம் இன்றைக்கு மேசைமேல் இருக்காது. ஓய்வு பெற்றுப் போகிறவரைக் கை குலுக்கி அனுப்பிவிட்டு, அந்த ஆள் படியிறங்கி முடிப்பதற்குள் போனிலிருந்து நம்பரை எடுத்துவிடுவார். செத்தவர் நம்பரைத் துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸிலேயே அழித்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்ன பேச்சு, உண்மைதான்.

அவர் கையில் இருந்தது சாதாரணப் பட்டியல் இல்லை. அந்த வட்டாரத்தில் கிட்னி பழுதாகி, இறந்துபோகும் யாரோ ஒருவருடைய கிட்னிக்காகக் காத்திருக்கிற அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் பதிவிலும், அவரை அனுப்பிவைத்த டயாலிசிஸ் நிலையத்தின் எண் இருக்கும். நோயாளி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நிலையத்திலிருந்து தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஃபாரின் கீ என்று பெயர். கீழே ஆள் தொங்கும்போது மேலே உள்ள கிளையை வெட்டப் போனால் டேட்டாபேஸ் கையைப் பிடித்துக்கொள்ளும். முடியாது, இதை நம்பி ஆள் இருக்கிறது என்று சொல்லும்.

புத்தியுள்ளவன் வெட்டுவதற்கு முன்னால் யார் தொங்குகிறார்கள் என்று அண்ணாந்து பார்ப்பான். கத்திரி பார்க்கமாட்டார். நேரே வெட்டிப் பார்ப்பார்.

"தடுத்துச்சுன்னா ஆள் இருக்குன்னு அர்த்தம். தடுக்கலன்னா குப்பைன்னு அர்த்தம். இதுக்குப் போய் எதுக்குத் தேடிக்கிட்டுக் கெடக்கணும்? அதுக்குத்தானே அந்தக் கட்டுப்பாட்டப் போட்டு வச்சிருக்கு?" என்பார்.

இந்தச் சூத்திரத்தை அவர் ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் பாதிப் பாவமாவது குறைந்திருக்கும். வீட்டிலும் அதேதான். அவருடைய வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில், மனைவியின் தம்பி கிடந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எல்லோருக்கும் வாத்தியார். இரண்டு கிட்னியும் கைவிட்ட பிறகு வேலையும் கைவிட்டது. கட்டிக்கொள்வதாக இருந்த பெண்ணும் நல்ல வார்த்தை சொல்லி நழுவினாள். மிஞ்சியது அக்கா ஒருத்திதான். தாய் செத்த வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பிள்ளை பெறாதவள். அவளுக்குப் பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால் கட்டிலைக் காட்டுவாள், அவ்வளவுதான்.

கத்திரிக்கு அந்தக் கட்டில் கண்ணில் விழுந்த தூசி. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், மீதி நாள் முனகல், அளந்து கொடுக்கும் தண்ணீர், அளந்து கொடுக்கும் உப்பு. அவர் நேரடியாகப் போகச் சொல்லமாட்டார். நூல் விட்டுப் பார்ப்பார்.

"மாப்ள, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடியே ஒரு ஹாஸ்டல் தொறந்திருக்கான். படியேறி எறங்கற கஷ்டம் இல்ல. நோயாளிங்களுக்குன்னே கட்டினதாம்."

சமையலறையிலிருந்து உடனே பதில் வரும். "அவன் எங்கயும் போகமாட்டான்."

"நான் சும்மா சொன்னேன்மா" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு எதிரே நின்றபடியே பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடிப்பார். நாக்கை நனைக்க ஐஸ் துண்டு சப்புகிறவனுக்கு முன்னால் அப்படி மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதிலும் ஒரு நூல் இருந்தது.

ஆனாலும் அவரை ஒரேயடியாக அரக்கன் என்று சொல்லிவிட முடியாது. மச்சினனுக்குக் கிட்னி கிடைக்கவேண்டும் என்று மனசாரத்தான் விரும்பினார். கிடைத்தால் எழுந்து நடப்பான், நடந்தால் வெளியே போவான். மாதம் பிறந்ததும் வாத்தியார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பான்.

"மாமா, இப்ப எத்தனாவது எடம்?"

அவனுடையது அபூர்வமான ரத்த வகை. பொருந்துவதே கஷ்டம். ஐந்து வருஷக் காத்திருப்பில் மேலே ஏறி ஏறி, கடைசியாகக் கத்திரி பார்த்தபோது ஐந்தாவது இடத்தில் இருந்தான்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் புது மென்பொருள் வந்தது. சோதனைக்கென்று ஒரு தனி டேட்டாபேஸ் வைத்துக்கொண்டு, பொய் நிலையங்கள், பொய் நோயாளிகள் எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். போட்டதை அழிக்கப் போனால் வழக்கம்போல அது தடுத்தது. கத்திரிக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த மேசையில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். தடித்த கண்ணாடி போட்டவள், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிறவள்.

"ஏம்மா, ஒவ்வொண்ணா கீழேருந்து அழிச்சிக்கிட்டு உக்காரணுமா? இதுக்கு வேற வழியே இல்லையா?"

"கேஸ்கேட்னு ஒண்ணு இருக்கு சார். அத போட்டா மேல இருக்கறத அழிச்சதும் அதை நம்பி இருக்கறதெல்லாம் கூடவே போயிடும். தடுக்காது."

"போடு."

"சோதனைல மட்டும்தானே சார்?"

"பின்ன எங்க போடுவாங்க? போடும்மா."

போட்டாள். சோதனை முடிந்தது. எல்லாம் சரி என்று மேலிடத்தில் சொன்னதும் கத்திரி அவளிடம், சோதனையில் இருக்கும் அமைப்பை அப்படியே நிஜ டேட்டாபேஸுக்கு ஏற்றிவிடச் சொன்னார். அவள் தயங்கினாள்.

"எல்லாத்தையுமா சார்? ஒரு தடவ உக்காந்து பாத்துடலாமே, சில அமைப்பு..."

"அப்படியேன்னா அப்படியே. ஒனக்கு வாயால சொன்னா புரியாதா, எழுதிக் காட்டணுமா?"

நான்கு பேர் முன்னால் சொன்னார். அவள் முகம் சிறுத்துப்போனது. அப்படியே ஏற்றினாள். அடுத்த மாதமே, கேள்வி கேட்டு வேலையைக் கெடுக்கிறாள் என்று அவளைக் கீழ்த்தளத்து மருந்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார் கத்திரி. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று பழமொழி வேறு சொல்லி அனுப்பினார்.

இதற்கிடையே வாத்தியார் முதலில் போய்வந்துகொண்டிருந்த சின்ன டயாலிசிஸ் நிலையம் மூடப்பட்டது. அங்கிருந்த நோயாளிகளை வேறு நிலையங்களுக்குப் பிரித்தார்கள். பட்டியலிலும் அவர்களை மாற்றவேண்டும். நோயாளிகளுக்குப் போன் போட்டு வரவழைக்கும் வேலையைப் பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் இதையெல்லாம் பொறுப்பாகச் செய்தாள். வாத்தியாரின் முறை வந்தபோது கத்திரி கையை உயர்த்தினார்.

"அத விடுங்கம்மா. நம்ம வீட்டு ஆளு. நானே பாத்துக்கறேன்."

பார்க்கவில்லை. மறந்தும் போகவில்லை, ஒத்திப்போட்டார். அவர் கணக்கு இதுதான்: எப்படியும் ஒருநாள் அந்த மூடிய நிலையத்தை அழிக்கப் போவோம், அப்போது டேட்டாபேஸ் தடுக்கும், தடுத்ததும் மச்சினன் ஞாபகத்துக்கு வருவான், மாற்றிவிடலாம். நினைவு வைத்துக்கொள்ளும் வேலையை மெஷினிடம் விட்டுவிட்டார் மனிதர்.

ஒருநாள் காலை, காபி வருவதற்கு முன்னால் கை அரித்தது. மூடிப்போன நிலையத்தைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொன்னார். திரையில் ஒரு வரி வந்தது.

*ஒரு பதிவு நீக்கப்பட்டது.*

தடுக்கவில்லை. அப்படியானால் மச்சினனை யாரோ ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள், அந்த அம்மாள்தான் மாற்றியிருப்பாள் என்று முடிவுகட்டினார். ஒரு பதிவு என்றுதானே சொல்கிறது! நிலையம் ஒன்று, அழிந்தது ஒன்று, கணக்கு நேர். மேலே அழிந்ததை மட்டும்தான் அது எண்ணிச் சொல்லும், கூடச் சேர்ந்து கீழே போனதை வாய் திறந்து சொல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தலைவர் அல்லவா! காபி வந்தது. குடித்தார்.

அந்த வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் அவருக்குத் திடீர் மரியாதை. மாற்று அறுவைப் பிரிவின் நர்சுகள் லிஃப்டில் வழிவிட்டார்கள். கேன்டீனில் ஒருவர் தன் நாற்காலியைக் கொடுத்தார். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தினாள். "ஒடம்பப் பாத்துக்கோங்க சார். வீட்டுல அவங்களையும் பாத்துக்கோங்க."

பெரிய பதவி காலியாகப் போகிறது என்று வதந்தி இருந்தது. அதுதான் காற்று நம் பக்கம் வீசுகிறது என்று கத்திரி நினைத்துக்கொண்டார். புதுச் சட்டை இரண்டு வாங்கினார்.

மாதம் பிறந்தது. "மாமா, எத்தனாவது?"

"நாலு" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். பார்த்துச் சொல்லவில்லை. ஐந்துக்குப் பிறகு நாலுதானே வரும்? அடுத்த மாதம் மூணு என்றார். அந்த எண்களைக் கேட்டு அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைக் கண்டு அவருக்கே கொஞ்சம் நல்ல மனிதராகிவிட்டது போல இருந்தது.

மூன்றாவது மாதத்தில் ஒரு மத்தியானம், வராந்தாவில் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அவரை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன் சார். நேத்து ஒரு கிட்னி வந்துச்சு, அந்த அபூர்வ வகை. முன்னாடி இருந்த நாலு பேருக்கும் பொருந்தல. ஒங்க மச்சினனோட பழைய டெஸ்டையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன், மனசு கேக்காம. அவருக்கு அப்படியே பொருந்தியிருக்கும். இன்னும் மூணே மாசம் உயிரோட இருந்திருந்தா..."

"யாரு?"

"ஒங்க மச்சினன்தான் சார். பட்டியல்லேருந்து பேரு போனதப் பாத்தேன். தவறிட்டாருன்னு புரிஞ்சிக்கிட்டேன். நீங்களா சொல்லாதப்ப நான் எப்படிக் கேக்கறது?"

அந்தப் பட்டியலிலிருந்து பெயர் போக இரண்டே வழி. ஒன்று, கிட்னி கிடைக்கவேண்டும். இரண்டு, ஆள் போகவேண்டும். கிடைத்திருந்தால் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே நாகரிகம் தெரிந்த அந்த அம்மாள் மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை. லிஃப்டில் வழிவிட்டதும் நாற்காலி கொடுத்ததும் அதற்குத்தான். 

கத்திரிக்குப் பொய் என்னவோ தயாராக வந்தது. "இல்லம்மா, இருக்கான். வேற ஒரு எடத்துல, சொந்தத்துலயே ஒருத்தர் கொடுக்கறதா ஏற்பாடு. அதான் எடுத்திருந்தேன். இப்ப அது தட்டிப்போச்சு."

அந்த அம்மாள் அவரையே பார்த்தாள். "எடுக்காமலே இருந்திருக்கலாமே சார்" என்றாள் மெதுவாக.

அறைக்கு ஓடி வந்து தேடினார். வாத்தியார் இல்லை. மூடிய நிலையத்தோடு தொங்கிக்கொண்டிருந்த ஒரே ஆள், அதோடு சேர்ந்து போயிருந்தான். மற்றவர்களை எல்லாம் அந்த அம்மாள் மாற்றிவிட்டிருந்தாள். யார் எதை அழித்தாலும் தானாகக் குறித்துக்கொள்ளும் காவல் நிரல் ஒன்று உண்டு, அதையும் திறந்து பார்த்தார். நிலையத்தை அழித்தது இருந்தது, அவர் பெயரிலேயே. வாத்தியாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவன் பிறந்ததும் இல்லை, போனதும் இல்லை.

கீழ்த்தளத்துக்கு இறங்கினார். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் கண்ணாடிக்காரப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கேஸ்கேட்ல போன பதிவு காவல் நிரல்ல ஏன் வரல?"

"வராது சார். அது டேட்டாபேஸே உள்ளுக்குள்ள பண்ற வேல. நம்ம டேட்டாபேஸ்ல அது அந்தக் காவல் நிரலுக்குத் தெரியவே தெரியாது." பிறகு தலை நிமிர்ந்தாள். "நிஜத்துல கேஸ்கேட் இருக்கா சார்?"

அவர் பக்கத்திலிருந்த மருந்துப் பெட்டியின் சீட்டைப் படித்தார்.

"அப்படியேன்னா அப்படியேன்னு சொன்னீங்க" என்றாள். அதில் குத்தல்கூட இல்லை, அதுதான் அவருக்கு வலித்தது. "யாரு சார் போனது?"

"யாரோ."

"யாரோவா இருந்தாலும் பழைய தேதியோட திருப்பி ஏத்திடுங்க. பேக்கப்ல இருக்கும். ஆனா பழைய தேதி போடணும்னா கமிட்டிக்குப் போகணும். எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. நான்தான் தெரியாம அழிச்சேன்னு நீங்க சொன்னா, கண்டிப்பா பழைய எடத்தக் கொடுத்துடுவாங்க."

கொடுத்துடுவாங்க. அவ்வளவு சுலபம். ஒரு வாக்கியம் சொன்னால் ஐந்து வருஷம் திரும்பி வரும். பதவி போகலாம், இருக்கிற வேலையும் போகலாம், கண்ணாடிக்காரிக்கு முன்னால் தலை குனியலாம், வீட்டில் மனைவி முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கலாம். படியேறி வரும்போது கத்திரி இவை எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார். மறுபக்கத்துத் தட்டில் மச்சினன் ஒருவன்தான் இருந்தான்.

அன்று சாயங்காலமே வாத்தியாரின் பெயரைப் புதிதாகப் பதிந்தார், அன்றைய தேதியில். கடைசி இடம். கூடவே கேஸ்கேட்டை எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் பழைய தடுப்பைத் திரும்பப் போட்டார். இனிமேல் யாரையும் நம்பி யாராவது தொங்கினால் அது விடாது. குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டினார். பூட்டு நன்றாகத்தான் இருந்தது.

மாதம் பிறந்தது. "மாமா?"

"ரெண்டு."

அடுத்த மாதமும் ரெண்டு என்றார். வாத்தியார் கணக்குக்காரன் அல்லவா, நெற்றியைச் சுருக்கினான். "மூணுலேருந்து ரெண்டுக்கு வந்தப்ப ஒருத்தருக்குக் கெடச்சிருக்கணும். அந்த ரெண்டு பேருல யாருக்கு மாமா கெடச்சுது? எந்த மாசம்? அந்த வேகத்துல போனா..." தலையணைக்கடியிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டான்.

இவன் இப்படித் துருவினால் குட்டு உடையும் என்று கத்திரி பயந்தார். அதற்கு அடுத்த மாதம், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "மாப்ள, ஒண்ணு. மொத எடம்." ஒன்றுக்கு மேல் எண் கிடையாது. இனி அவன் கேட்க ஒன்றும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது என்று நிம்மதியாகச் செருப்பைக் கழற்றினார்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது. அக்காள் ஓடிவந்து தம்பியின் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நீங்க மட்டும் அங்க இல்லன்னா இவன் பேரு இந்நேரம் எந்த மூலையில கெடந்திருக்குமோ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படிப் பார்த்ததில்லை. அவரும் அந்தப் பார்வையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார், கூச்சமே இல்லாமல்.

வாத்தியார் ஒரு பை வாங்கிவரச் சொன்னான். கூப்பிட்ட உடனே கிளம்பவேண்டுமே. இரண்டு சட்டை, ஒரு துண்டு, சோப்பு, பல் துலக்கும் பிரஷ். அதோடு பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்று, நீல நிறத்தில், வாய் அகலமாக. "கிட்னி போட்டதும் மொத வேலையா இத ரொப்பி, நிறுத்தாம குடிக்கப் போறேன்க்கா. மாமா குடிக்கறாரே, அந்த மாதிரி." பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

நம்பிக்கை மனிதனை என்ன பாடு படுத்தும் என்று பாருங்கள். ஐந்து வருஷம் சொட்டுச் சொட்டாகக் குடித்து உயிரைப் பிடித்து வைத்திருந்தவன், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று தளர்ந்தான். அக்காள் தூங்கும்போது எழுந்துபோய்ப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொள்வான். முதலில் ஒரு வாய். அப்புறம் நாலு வாய். டயாலிசிஸுக்குப் போகும்போது எடை கூடியிருக்கிறது என்று நர்ஸ் திட்டினாள். "மொத எடம் சிஸ்டர், அடுத்தது நான்தான்" என்று சிரித்தானாம். டயாலிசிஸ் இல்லாத நாட்கள் நீளமாக வரும் வாரக்கடைசி ஒன்றில், நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமை மூச்சுத் திணறினான். நுரையீரல் முழுக்க நீர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இதயம் நின்றது. கட்டிலுக்கடியில் நீலப் பாட்டில் உருண்டு கிடந்தது, அடியில் கொஞ்சம் தண்ணீரோடு. அக்காள் அதை எடுத்து மூடி, பைக்குள் வைத்து, பையைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினாள். யார் சொல்லியும் கழற்றவில்லை.

துக்கம் கேட்க ஒருங்கிணைப்பாளர் அம்மாள் வந்தாள். இரண்டாம் தடவை துக்கப்படுகிறாள், பாவம். "மொத எடத்துல இருந்தாம்மா என் தம்பி. இவரு எவ்வளவோ பாடுபட்டாரு" என்றாள் அக்காள். அந்த அம்மாள் கத்திரியைப் பார்த்தாள். கத்திரி மின்விசிறியைப் பார்த்தார். செத்த வீட்டில் என்ன பேசுவது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். வாசலில் மட்டும் சொன்னாள்.

"பட்டியல்லேருந்து பேர எடுத்துடணும் சார்."

"நம்ம வீட்டு ஆளும்மா. நானே பாத்துக்கறேன்."

எடுக்கத்தான் போனார். வாத்தியாரின் பதிவைத் தேர்ந்தெடுத்து நீக்கச் சொன்னார். திரை சிவப்பானது.

*நீக்க இயலாது. இந்தப் பதிவைச் சார்ந்து வேறொரு பதிவு உள்ளது.*

யார் என்று பார்த்தார். அவசரத்துக்குக் கூப்பிடவேண்டியவர் என்ற பதிவு, வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. உறவு: அக்கா. பக்கத்தில் அவர் வீட்டுப் போன் நம்பர். முதலில் அவளை அழித்தால்தான் அவன் போவான். கிடைத்ததையெல்லாம் வெட்டிய கை அன்றைக்கு மட்டும் பொத்தான்மேல் நின்றது. தடுக்கவேண்டிய நாளில் விட்டுவிட்டு, விடவேண்டிய நாளில் தடுக்கிறதே என்று மெஷின்மேல் ஆத்திரப்பட்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடினார். நாளை, மறுநாள், அதற்கு மறுநாள் என்று மாதங்கள் போயின. பெரிய பதவியும் அவருக்கே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கத்திரி சாய்வு நாற்காலியில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சமையல் மேடையில் போன் அடித்தது. கை ஈரம் என்பதால் அவள் ஸ்பீக்கரில் போட்டாள். இளம் பெண் குரல், மூச்சு வாங்கியது. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் லீவு, இவள் டியூட்டி நர்ஸ்.

"அம்மா, ஒங்க தம்பிக்குக் கிட்னி வந்திருக்கும்மா! முன்னாடி இருந்தவங்களுக்கெல்லாம் பொருந்தல, இவருக்குத்தான் பொருந்துது. ஒண்ணும் சாப்பிடக் கொடுக்காம ஒடனே கூட்டிட்டு வாங்க!"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"கேக்குதாம்மா? ரொம்ப அதிர்ஷ்டக்காரரும்மா ஒங்க தம்பி. சில பேரு வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருக்காங்க. இவரு பேரு பதிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகல."

"அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா" என்றாள் அவள்.

"இல்லம்மா, தேதி இங்க முன்னாடியே இருக்கே. பதிஞ்சது போன வருஷக் கடைசியில. பதிஞ்சவரு பேருகூட இருக்கு." நர்ஸ் அந்தப் பெயரைப் படித்தாள். கத்திரியின் உண்மையான பெயர் அந்த வீட்டில் சத்தமாகக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"என் தம்பி இல்லம்மா. போய்ட்டான். அடுத்து இருக்கறவங்களக் கூப்பிடுங்க, நேரம் போகுது" என்றாள். போனை வைத்தாள். குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"நாலுன்னு சொன்னீங்களே, அப்ப அவன் எத்தனாவது?"

"அது... மெஷின்ல ஒரு கோளாறு. கேஸ்கேட்னு..."

"மூணுன்னு சொன்னப்ப?"

"இந்தா, நான் சொல்றதக் கேளு. அது தடுத்திருக்கணும். தடுக்கல. ஒரு பதிவுன்னுதான் சொல்லுச்சு."

"ஒண்ணுன்னு சொன்னப்ப? அவன் தலையக் கட்டிக்கிட்டு நான் அழுதேனே, அப்ப எத்தனாவது?"

அவர் நகவெட்டியைக் கீழே வைத்தார்.  அவள் கதவுக்குப் பின்னால் போய் ஆணியிலிருந்து பையைக் கழற்றினாள். இத்தனை மாதம் யார் கையும் படாத பை. அவர் மடியில், வெட்டிப்போட்ட நகங்களின் மேல் வைத்தாள்.

"கெளம்புங்க."

"எங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஹாஸ்டல் இருக்குன்னு சொல்வீங்களே."

விளையாட்டில்லை என்று தெரிந்தது. இருந்தாலும் அவர் வழக்கப்படி செய்து பார்த்தார். எழுந்தார். பையை மாட்டிக்கொண்டார். செருப்பைப் போட்டார், மெதுவாக. தடுப்பாள். இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தவள், அவரை நம்பி இருப்பவள், இந்நேரம் ஒரு குரல் வந்தாகவேண்டும். வாசற்படியைத் தாண்டினார். நின்றார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் விழுந்தது. அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். பைக்குள் பாட்டிலின் அடியில் மிச்சமிருந்த தண்ணீர் குலுங்கிக்கொண்டே வந்தது.